பிள்ளை ஆசிரியராக விரும்பினால்: கல்வியியற் கல்லூரி அனுமதிக்கு இப்போதே செய்ய வேண்டியவை

ஊர் திரும்பிய முதல் மாதங்களில் ஒரு குடும்பத்துக்கு எத்தனை வேலை இருக்கும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காணி துப்பரவாக்க வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், மழைக்கு முன் ஒரு கொட்டிலாவது போட வேண்டும். இதற்கிடையில் உயர்தரம் படிக்கும் மகளோ மகனோ "நான் ரீச்சராக வரப்போறன்" என்று சொன்னால், "முதலில சோதினையைப் பாஸ் பண்ணு, மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்றுதான் அநேகமான வீடுகளில் பதில் வரும்.

அந்தப் பதிலில் ஒரு சிக்கல் உண்டு. ஆசிரியப் பயிற்சிக்கான அனுமதியில் பரீட்சைப் பெறுபேறு பாதிதான். மற்றப் பாதி, பிள்ளை எந்த இடத்து நிரந்தர வதிவாளர் என்பதும் அதை எந்தப் பத்திரத்தைக் காட்டி நிரூபிக்கிறார் என்பதுமாகும். படிப்பைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும். வதிவையும் பத்திரங்களையும் பெரியவர்கள்தான் பார்க்க வேண்டும். விண்ணப்பம் கோரப்பட்ட பிறகு அதற்குக் கிடைப்பது சில வாரங்களே. பலமுறை இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தால் தொலைந்த ஆவணங்கள் எல்லாவற்றையும் அந்தச் சில வாரங்களுக்குள் மீட்டெடுக்க முடியாது. மீள்குடியேற்றப் பதிவுக்காகக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்துக்கும் எப்படியும் போய்வருகிறீர்கள். அந்த அலைச்சலோடு இதையும் சேர்த்துச் செய்துவிடலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

எந்தப் பயிற்சியைப் பற்றிப் பேசுகிறோம்?

உயர்தரம் சித்தியடைந்த ஒருவர் பட்டம் பெறாமலே தகைமையுள்ள ஆசிரியராவதற்கு இலங்கையில் உள்ள பிரதான வழி தேசிய கல்வியியற் கல்லூரி. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இக்கல்லூரிகள் இயங்குகின்றன. பயிற்சி மூன்று ஆண்டுகள். முதல் இரண்டு ஆண்டுகள் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் ஒரு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி நடைபெறும். நிறைவு செய்பவர்களுக்குத் தேசிய போதனாவியல் டிப்ளோமா கிடைக்கும். அதன் பிறகு இலங்கை ஆசிரியர் சேவையில் நியமனம் வழங்கப்படுவது வழமை.

தமிழ் மொழிமூலப் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் (கோப்பாய்), வவுனியா (பூந்தோட்டம்), மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை, பத்தனை ஸ்ரீபாத, தர்கா நகர் ஆகிய கல்லூரிகளின் பெயர்கள் பழக்கமானவை. எல்லாப் பாடநெறிகளும் எல்லாக் கல்லூரிகளிலும் இல்லை. ஆகவே வீட்டுக்குக் கிட்டிய கல்லூரிதான் கிடைக்கும் என்று எண்ணியிருக்க வேண்டாம். கிளிநொச்சிப் பிள்ளைக்கு மலையகத்தில் இடம் கிடைக்கலாம்.

இந்தக் கல்லூரிகள் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களை மட்டும் உருவாக்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. விஞ்ஞானம், கணிதம், ஆங்கிலம், சமயம், உடற்கல்வி, சித்திரம், சங்கீதம், விவசாயம், மனைப்பொருளியல் என்று இடைநிலை வகுப்புகளுக்கான பாடநெறிகளும் உண்டு. வன்னிப் பாடசாலைகளில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது உங்கள் பிள்ளைக்கே தெரிந்திருக்கும். எட்டாம் வகுப்பில் கணித ஆசிரியர் இல்லாமல் ஒரு தவணை முழுவதும் போன அனுபவம் இல்லாத பிள்ளைகள் இந்தப் பகுதிகளில் குறைவு.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். கோப்பாயில் கல்வியியற் கல்லூரியும் உண்டு, ஆசிரிய கலாசாலையும் உண்டு. கலாசாலை என்பது ஏற்கெனவே ஆசிரியராக நியமனம் பெற்று, பயிற்சி பெறாமல் இருப்பவர்களுக்கானது. உயர்தரம் முடித்துவிட்டு வெளியே வரும் பிள்ளை விண்ணப்பிக்க வேண்டியது கல்வியியற் கல்லூரிக்கே.

என்ன தகைமை கேட்கிறார்கள்?

ஒவ்வொரு முறையும் கல்வி அமைச்சு வர்த்தமானி அறிவித்தல் மூலம் விண்ணப்பம் கோருகிறது. நிபந்தனைகளை அந்த அறிவித்தலே தீர்மானிக்கும். பக்கத்து வீட்டு அக்கா போன முறை எப்படிப் போனார் என்பதை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். ஆனாலும் அடிப்படைகள் பெரிதும் மாறுவதில்லை.

க.பொ.த. உயர்தரத்தில் மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் சித்தி பெற்றிருக்க வேண்டும். ஒரு வருடம் இரண்டு பாடமும் அடுத்த வருடம் மூன்றாவது பாடமும் என்று சேர்த்துக் காட்ட முடியாது. இடப்பெயர்வினால் இடையில் குழம்பிப் பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்கு இந்த ஒரு நிபந்தனைதான் அதிகம் தடையாக இருந்திருக்கிறது. இரண்டு பாடச் சித்தியோடு நிற்கும் பிள்ளை மூன்று பாடங்களுக்கும் மீண்டும் தோற்ற வேண்டும். மூன்றாவது பாடத்துக்கு மட்டும் ரியூசனுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதால் பயனில்லை.

எந்தப் பாடங்கள் என்பதும் முக்கியம். கணித, விஞ்ஞானப் பாடநெறிகளுக்கு உயர்தரத்தில் அதற்குரிய துறையில் படித்திருக்க வேண்டும். கலைத்துறையில் சித்தியடைந்த பிள்ளை விஞ்ஞான ஆசிரியப் பாடநெறிக்கு விண்ணப்பித்து ஒரு தெரிவை வீணாக்கக் கூடாது. சங்கீதம், நடனம், உடற்கல்வி போன்றவற்றுக்குச் செயன்முறைத் தேர்வும் எதிர்பார்க்கலாம். சாதாரண தரப் பெறுபேறும் கவனிக்கப்படும். தாய்மொழி, கணிதம் போன்ற பாடங்களில் பிள்ளைக்குச் சித்தி இல்லையென்றால் உயர்தரம் படிக்கும் காலத்திலேயே அதை எழுதி முடிப்பது நல்லது.

தகுதியானவர்களைத் தெரிவு செய்ய இசட் புள்ளி பயன்படுத்தப்படுகிறது. ஒரு பாடத்துக்குத் தோற்றிய எல்லாருடனும் ஒப்பிடும்போது உங்கள் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறார் என்பதை இந்தப் புள்ளி காட்டும். இதனால் மூன்று பாடமும் சாதாரண சித்தி என்றாலும் மனம் தளர வேண்டியதில்லை. யாரோடு போட்டி என்பதில்தான் விடயம் இருக்கிறது. அதைக் கீழே பார்ப்போம்.

வயது வழமையாக 18க்குக் குறையாமலும் 25க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். விண்ணப்ப முடிவுத் திகதியன்று உள்ள வயதே கணக்கில் எடுக்கப்படும். திருமணமாகாதவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வழமையாக உண்டு. 25 என்றால் நிறைய நேரம் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். முகாமிலும் இடம்பெயர்விலும் இரண்டு வருடப் படிப்பை இழந்த பிள்ளை 21 வயதில்தான் முதல் தடவை உயர்தரம் எழுதுகிறார். இரண்டாம் தடவை எழுத 22. பெறுபேறு வந்து, அந்த ஆண்டுப் பரீட்சார்த்திகளுக்கான அழைப்பு வர்த்தமானியில் வரும்வரை மேலும் ஒரு வருடமோ அதற்கு மேலோ செல்லலாம். சில வேளைகளில் இரண்டு ஆண்டுப் பரீட்சார்த்திகளுக்கும் சேர்த்து ஒரே அழைப்பாக வந்திருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு பத்திரம் குறைந்ததால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அடுத்த அழைப்புக்குள் வயது கடந்துவிடும். மற்றக் குடும்பங்களுக்கு ஒரு வருடத் தாமதமாக முடியும் விடயம் இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு வாய்ப்பே இல்லாமல் போவதாக முடிகிறது.

நீங்கள் எந்தப் பிரிவின் ஆட்கள்?

கல்வியியற் கல்லூரிக்கான தெரிவு பாடநெறிக்கு ஏற்ப பிரதேச செயலாளர் பிரிவு அடிப்படையிலோ மாவட்ட அடிப்படையிலோ நடைபெறுகிறது. அதாவது ஒட்டுசுட்டான் பிரிவைச் சேர்ந்த பிள்ளை முதலில் ஒட்டுசுட்டான் பிள்ளைகளோடுதான் போட்டியிடுகிறார். பின்தங்கிய பிரிவுகளுக்கும் அந்தந்த மண்ணைச் சேர்ந்த ஆசிரியர்கள் கிடைக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். எமது பார்வையில் இது நியாயமான ஏற்பாடு. ஆனால் ஒருவர் ஓரிடத்தில் தொடர்ந்து வசிக்கிறார் என்று எடுத்துக்கொண்டு செய்யப்பட்ட ஏற்பாடும் இதுதான். இருபது வருடத்தில் ஆறு இடத்தில் இருந்தவர்களை மனதில் வைத்து இது எழுதப்படவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டம் என்பது உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களில் பிள்ளை படித்த பாடசாலையைக் கொண்டு தீர்மானிக்கப்படுகிறது. கல்வியியற் கல்லூரி அனுமதியிலோ நிரந்தர வதிவிடமே பார்க்கப்படுகிறது. இதனால் ஒரே பிள்ளை ஒன்றுக்கு வவுனியா மாவட்டத்தவராகவும் மற்றதற்கு முல்லைத்தீவு மாவட்டத்தவராகவும் இருக்கலாம். இதில் பிழையொன்றும் இல்லை. இரண்டு விண்ணப்பத்திலும் ஒரே மாவட்டத்தைப் போட வேண்டும் என்று நினைத்து மாற்றி எழுதுவதுதான் பிழை.

புத்தளத்திலிருந்து மன்னாருக்கோ யாழ்ப்பாணத்துக்கோ திரும்பிய முஸ்லிம் குடும்பங்களுக்கு இது இன்னும் கூர்மையான கேள்வி. 1990இல் வெளியேற்றப்பட்ட பெற்றோரின் பிள்ளைகள் புத்தளத்தில் பிறந்து புத்தளத்தில் படித்தவர்கள். முசலியில் வீடு கட்டியாயிற்று, தந்தை அங்கே இருக்கிறார், தாயும் பிள்ளைகளும் படிப்புக்காகப் புத்தளத்தில் இருக்கிறார்கள். செட்டிகுளம் முகாமிலிருந்து ஊர் திரும்பி, பிள்ளையை மட்டும் வவுனியாவில் உறவினர் வீட்டில் விட்டுப் படிப்பிக்கும் தமிழ்க் குடும்பங்களின் நிலையும் இதுவே. இப்படிப் பிரிந்திருக்கும் குடும்பம், பிள்ளையின் நிரந்தர வதிவு எது என்பதை வர்த்தமானி வந்த பிறகு விவாதிக்கத் தொடங்கக் கூடாது.

வதிவை நிரூபிக்கும் பத்திரங்களில் முதன்மையானவை இரண்டு. ஒன்று, கிராம அலுவலர் வழங்கிப் பிரதேச செயலாளர் மேலொப்பமிடும் வதிவிடச் சான்றிதழ். மற்றது வாக்காளர் இடாப்பு. சான்றிதழை வேண்டிய நேரத்தில் எடுக்கலாம். இடாப்பை அப்படி எடுக்க முடியாது. அது வருடா வருடம் மீளாய்வு செய்யப்படுகிறது. போன வருட இடாப்பில் இல்லாத பெயரை இந்த வருடம் போய்ச் சேர்க்க இயலாது. எனவே நீங்கள் ஊர் திரும்பிய முதல் வருடத்திலேயே கிராம அலுவலர் வீடுவீடாகக் கொண்டுவரும் பி.சி. படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். வீட்டில் 18 வயதை அடைந்த பிள்ளையின் பெயரை அதில் எழுத மறக்க வேண்டாம். குடும்பத் தலைவரின் பெயரும் மனைவியின் பெயரும் மட்டும் எழுதிக் கொடுத்துவிடும் வழக்கம் எங்கள் பகுதிகளில் இன்னும் இருக்கிறது. கொட்டிலில் இருந்தாலும், வீட்டுத்திட்டம் கிடைக்காவிட்டாலும், காணி உறுதி கையில் இல்லாவிட்டாலும் நீங்கள் அங்கே வசிக்கிறீர்கள் என்றால் பதியலாம். பெயர் விடுபட்டிருந்தால், இடாப்பு காட்சிக்கு வைக்கப்படும் காலத்தில் உரிமைக் கோரிக்கை செய்து சேர்த்துக்கொள்ளலாம்.

இடம்பெயர்ந்தவர்கள் சொந்த ஊர் இடாப்பிலிருந்து பெயரை இழக்கும் சிக்கலுக்காகவே 2017இல் வாக்காளர் பதிவு தொடர்பான விசேட ஏற்பாடுகள் சட்டம் ஒன்று நிறைவேற்றப்பட்டது. அதன் கீழ் நீங்கள் பதிவு செய்திருந்தால், வெளியே வாழ்ந்த அந்தக் காலத்துக்கும் உங்கள் பெயர் சொந்த ஊர் இடாப்பில் இருக்கலாம். மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

எத்தனை வருட வதிவுக்கு ஆதாரம் வேண்டும் என்பது அறிவித்தலிலேயே இருக்கும். அந்தக் காலத்துக்குள் உங்கள் இடப்பெயர்வும் அடங்கினால், நலன்புரி நிலையத்தில் இருந்ததற்கான பதிவு, மீள்குடியேற்றப் பதிவுக் கடிதம், பங்கீட்டு அட்டை ஆகியவற்றின் பிரதிகளோடு பிரதேச செயலாளரைச் சந்தித்து, நீங்கள் இன்ன திகதியில் இடம்பெயர்ந்து இன்ன திகதியில் திரும்பிய நிரந்தர வதிவாளர் என்று கடிதம் பெற்றுக்கொள்ளுங்கள். இந்தப் பத்திரங்களை உதவித் திட்டம் முடிந்ததும் தூக்கி எறிந்துவிட வேண்டாம்.

சிலர் பக்கத்துப் பிரிவில் வெட்டுப்புள்ளி குறைவு என்று கேள்விப்பட்டு மாமாவின் முகவரியில் பிள்ளையைப் பதிய முயல்கிறார்கள். நேர்முகப் பரீட்சையில் மூலப் பத்திரங்களை அடுக்கி வைத்துப் பார்ப்பார்கள். பாடசாலை ஓரிடம், இடாப்பு வேறிடம், அடையாள அட்டை இன்னோரிடம் என்றால் கேள்வி வரும். பொய்த்தகவல் என்று தெரிந்தால் தெரிவு இரத்தாகும். அது தப்பிப் போனாலும், அந்தப் பிரிவில் உண்மையாகவே இருக்கும் ஒரு பிள்ளையின் இடம்தான் போகிறது. அந்தப் பிள்ளையும் பெரும்பாலும் உங்களைப்போல இடம்பெயர்ந்து வந்த வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்கும்.

பத்திரம் தொலைந்திருந்தால்

பிறப்புச் சான்றிதழில் தொடங்குங்கள். மற்றெல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. பிறப்பைப் பதிந்த பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பிரதி கோரலாம். பதிவு இலக்கம் தெரியாவிட்டாலும் பிறந்த திகதியையும் இடத்தையும் கொடுத்தால் தேடிப் பார்ப்பார்கள். அந்த அலுவலகமே போரில் அழிந்திருந்தால்கூட முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். பதிவின் மறுபிரதி மத்திய பதிவேட்டறைக்கு அனுப்பப்படுவது முறை. கணினியில் ஏற்றப்பட்ட பதிவுகளின் பிரதியை வேறு பிரதேச செயலகங்களிலும் பெறலாம். பிறப்பு பதியப்படவே இல்லையென்றால் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதிவே கிடைக்காதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் வழங்கப்படுவதுண்டு. இதற்கு மாதக்கணக்கில் எடுக்கும். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போது தொடங்கினால் பதற்றமில்லாமல் முடிக்கலாம்.

பரீட்சைச் சான்றிதழ்கள் தொலைந்திருந்தால் அவ்வளவு கவலை வேண்டாம். பெறுபேறுகள் பத்தரமுல்லை, பெலவத்தையில் உள்ள பரீட்சைத் திணைக்களத்தில் இருக்கின்றன. சுட்டெண்ணும் பரீட்சை ஆண்டும் தெரிந்தால் வேலை விரைவாக முடியும். சுட்டெண் நினைவில்லையென்றால் தோற்றிய பாடசாலையின் பெயரையும் பிள்ளையின் முழுப்பெயரையும் கொடுங்கள். பரீட்சை எழுதிய இடம் வேறு, பாடசாலை வேறு என்பது இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு வழமை. 2009 ஆகஸ்டில் வவுனியா முகாம்களுக்குள்ளேயே உயர்தரப் பரீட்சை நடந்தது. அப்படித் தோற்றியவர்கள் இரண்டு விபரத்தையும் எழுதினால் தேடுவது இலகு.

பாடசாலை விடுகைப் பத்திரமும் அதிபரின் நற்சான்றிதழும் பெறுவதற்குப் பாடசாலை இருந்தாக வேண்டும். பாடசாலை இடம்பெயர்ந்து வேறொரு பாடசாலையோடு இணைந்து இயங்கியிருந்தால் அல்லது மூடப்பட்டிருந்தால், வலயக் கல்வி அலுவலகத்துக்குச் செல்லுங்கள். வரவு இடாப்பு எரிந்துபோயிருந்தாலும், பெறுபேற்றுத் தாள், மாணவர் தேர்ச்சி அறிக்கை, முன்னைய அதிபரின் கடிதம் என்று ஏதாவது ஒன்றைக் கொண்டு உறுதிப்படுத்த முடியுமா என்று கேளுங்கள். முன்னைய அதிபர் ஓய்வுபெற்று எங்கோ இருந்தாலும் அவரைத் தேடிப் போவது வீணாகாது.

பத்திரம் இல்லாததை விடவும் கூடுதலாகத் தொல்லை தருவது பத்திரங்களுக்கிடையே பெயர் வேறுபடுவது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், முகாமில் அவசரத்தில் பதிந்தபோது இன்னொரு பெயர், அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் கூட, பரீட்சைச் சான்றிதழில் ஓர் எழுத்துக் குறைய. தாய் தந்தையை இழந்து சித்தியோடு வளர்ந்த பிள்ளைகள் சிலர் பாடசாலையில் சித்தப்பாவின் முதலெழுத்தோடு பதியப்பட்டிருக்கிறார்கள். வளர்த்தவர்களின் அன்புக்கு அது சான்றுதான், ஆனாலும் நேர்முகப் பரீட்சைக் குழுவின் முன் அது இரண்டு ஆட்களின் பத்திரமாகத் தெரியும். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்துக்கொள்ளலாம். இதைவிட நல்லது, சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பம் நிரப்பும்போதே பிறப்புச் சான்றிதழை மேசையில் வைத்து அதில் உள்ளபடி பெயரை எழுதச் சொல்வது. வகுப்பாசிரியர் படிவத்தைத் தரும் அன்று வீட்டில் யாராவது ஒருவர் அதைப் பாருங்கள்.

தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பம் கிராம அலுவலர் ஊடாகவோ பாடசாலை ஊடாகவோ செல்கிறது. பழைய முகவரி உள்ள அட்டை செல்லுபடியாகும். ஆனால் வதிவுக் கேள்வி எழக்கூடிய குடும்பங்கள் முகவரியை மாற்றிப் புதிய அட்டை எடுப்பது பின்னுக்கு உதவும்.

இந்தியாவிலிருந்து திரும்பியவர்களுக்கு

தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்கு முதல் வேலை குடியுரிமை. தாயோ தந்தையோ இலங்கையர் என்பதால் பிள்ளை தானாகவே எல்லாப் பதிவுகளிலும் வந்துவிடுவதில்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையாகப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்து சான்றிதழ் பெற வேண்டும். சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் ஏற்கெனவே பிறப்பைப் பதிந்து வந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் இந்தியப் பிறப்புச் சான்றிதழோடு பிரதேச செயலகத்தில் ஆலோசனை பெற்று, குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு விண்ணப்பியுங்கள். இது இல்லாமல் அடையாள அட்டை கிடைக்காது. அடையாள அட்டை இல்லாமல் மற்றவை நகரா.

அங்கே பிளஸ் ரூ முடித்த பிள்ளைகள், அந்த மதிப்பெண்களைக் கொண்டு கல்வியியற் கல்லூரிக்குப் போகலாம் என்று நம்பிக்கொண்டு வருகிறார்கள். தெரிவு உயர்தர இசட் புள்ளியின்படி நடப்பதால், அந்த மதிப்பெண்ணை எங்கே வைத்து ஒப்பிடுவது? வயது இடம் தருமானால் இங்கே பாடசாலையில் சேர்ந்தோ தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவோ உயர்தரம் எழுதுவதே நேரான வழி. கேட்கக் கசப்பாக இருக்கும். இரண்டு வருடம் வேறு வழி தேடிக் களைத்த பிறகு கேட்பதைவிட இப்போதே கேட்பது நல்லது.

வயது கடந்தவர்களும் மணமானவர்களும்

போர்க்காலத்தில் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்று பதினேழு, பதினெட்டு வயதில் திருமணம் செய்து வைத்த வீடுகள் பல. அந்தப் பிள்ளைகளில் கெட்டிக்காரர் எத்தனையோ பேர். கல்வியியற் கல்லூரியின் கதவு அவர்களுக்குப் பெரும்பாலும் மூடியிருக்கிறது. ஆனால் ஆசிரியத் தொழிலுக்குப் போகும் வழி அது ஒன்று மட்டுமல்ல.

பட்டம் பெற்று, பட்டதாரி ஆசிரியர் போட்டிப் பரீட்சைக்குத் தோற்றி நியமனம் பெறலாம். நியமனத்தின் பின் பட்டப்பின் கல்வி டிப்ளோமா முடித்தால் பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியர். இடைநிலை, உயர்தர வகுப்புகளுக்கு இந்தத் தகைமைக்கு நல்ல மதிப்பு உண்டு. பட்டத்துக்கு விடுதியில் போய் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நிலையங்கள் உள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வெளிவாரிப் பட்டப் படிப்பும் உண்டு. கைக்குழந்தையோடு வெளிவாரிப் பட்டம் முடிப்பது இலகுவான காரியம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். கட்டணமும் உண்டு, பல வருடமும் எடுக்கும். மாமியாரும் கணவரும் சேர்ந்து தூக்கினால்தான் அது நகரும். பட்டதாரி நியமனத்துக்கு வயதெல்லை கல்வியியற் கல்லூரியைவிடக் கூட என்பது ஓர் ஆறுதல்.

உங்கள் ஊரில் சம்பளமில்லாமலோ சிறு கொடுப்பனவோடோ தொண்டர் ஆசிரியராகப் படிப்பித்தவர்கள் இருந்தால், அந்தச் சேவைக்கான அதிபரின் கடிதம், வரவுப் பதிவின் பிரதி, வலயக் கல்விப் பணிப்பாளரின் உறுதிப்படுத்தல் ஆகியவற்றை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தொண்டர் ஆசிரியர்களுக்கு நியமனம் வழங்கப்பட்ட வேளைகளில், பாடசாலைக் குறிப்புகளில் பெயர் இல்லாதவர்கள் பட்ட பாடு ஊரறிந்தது.

அழைப்பு வரும்போது

உயர்தரப் பெறுபேறு வந்த நாளிலிருந்து வர்த்தமானியைக் கவனியுங்கள். இணையத்தில் பார்க்க வசதியில்லாதவர்கள் பாடசாலை அதிபரிடமும் கோட்டக் கல்வி அலுவலகத்திலும் பெயரைச் சொல்லி வைக்கலாம். பத்திரிகைகளிலும் வரும். பாடநெறித் தெரிவுகளைப் பிள்ளையே வரிசைப்படுத்தட்டும். ஆனால் பிள்ளையின் உயர்தரப் பாடங்கள் அந்தப் பாடநெறிக்குப் பொருந்துமா என்பதைப் பாடசாலை ஆசிரியர் ஒருவரிடம் காட்டி ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். அனுப்பும் விண்ணப்பத்தின் பிரதி ஒன்றும், தபாலில் அனுப்பினால் பதிவுத்தபால் பற்றுச்சீட்டும் வீட்டில் இருக்க வேண்டும்.

சேரும்போது உடன்படிக்கை ஒன்றில் கையொப்பமிட வேண்டியிருக்கும். பயிற்சியின் பின் அரசு அனுப்பும் பாடசாலையில் கடமையாற்ற வேண்டும் என்பது அதன் சாரம். நியமனம் சொந்த ஊருக்கே கிடைக்கும் என்ற உறுதியோடு பிள்ளையை அனுப்ப வேண்டாம். பயிற்சிக் காலத்தில் சிறிய கொடுப்பனவு கிடைத்தாலும் விடுதிக்குத் தேவையான பொருட்கள், உடுப்பு, போக்குவரத்து என்று முதல் மாதத்தில் கையில் பணம் தேவைப்படும். இடம் கிடைத்தும் அந்தப் பணமில்லாமல் தயங்கும் நிலை வந்தால் பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவிலும், எமது கள உத்தியோகத்தரிடமும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

நேர்முகப் பரீட்சைக்கான அழைப்புக் கடிதமாக வந்தால், அது நீங்கள் கொடுத்த முகவரிக்கே வரும். மீள்குடியேறிய பல கிராமங்களில் வீட்டிலக்கம் இன்னும் இல்லை. தபாற்காரர் புதியவராக இருப்பார், ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள். விண்ணப்பத்தில் கிராமத்தின் பெயரோடு குடும்பத் தலைவரின் பெயர், அருகிலுள்ள கோயில், பள்ளிவாசல் அல்லது பாடசாலை ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். விண்ணப்பம் அனுப்பிய அடுத்த நாளே உப தபாலகத்துக்குப் போய், இப்படி ஒரு கடிதம் வர இருக்கிறது என்று தபாலதிபரிடம் நேரில் சொல்லி, ஒரு தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.